பழைய டூல்ஸ் பெட்டிக்கு மாற்றுப் பூட்டு: துளையைப் பெரிதாக்காமல் பொருத்த வழி உண்டா?

பாம்பன் டீசல் (கேள்வி)

வணக்கம். ஊர் பாம்பன். விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறேன். இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-இல் கரையேறிய படகுகள் ஜூன் 14 வரை கரையில்தான் கிடக்கும். ஊருக்கெல்லாம் ஓய்வு, எங்களைப் போன்றவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. இந்த நேரம் பார்த்து என் டூல்ஸ் பெட்டியின் பூட்டு உயிரை விட்டுவிட்டது.

பெட்டியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "புதுப் பெட்டி வாங்கிக்கொள்" என்ற பதில் எனக்கு வேண்டாம். என் மாமனார் பஹ்ரைனில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்தவர். ஊர் திரும்பும்போது பாதித் துணிமணியை அங்கேயே விட்டுவிட்டு இந்தப் பெட்டியைச் சுமந்து வந்தார். கனத்த இரும்புத் தகடு. தொட்டால் பாகற்காய்த் தோல் போலச் சொரசொரக்கும் பழுப்பு பெயின்ட். ஏழு டிராயர்கள். ஒவ்வொன்றிலும் பச்சைக் கம்பளித் துணி விரித்திருக்கும். டிராயர்களுக்கு முன்னால் ஒரு பலகை, அதுவும் இரும்புதான். வேலை நேரத்தில் அது அடி டிராயருக்குக் கீழே உள்ளே போய்விடும். வேலை முடிந்ததும் வெளியே இழுத்து நிமிர்த்தி, மேல் மூடியை இறக்கினால் ஏழு டிராயரும் ஒரே பூட்டுக்குள் அடங்கிவிடும். இப்படி ஓர் அமைப்பை இங்கே யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

பூட்டு மூடியின் நடுவில் இருக்கிறது. உருளை வடிவம். சாவியைத் திருப்பினால் பின்னால் இருக்கும் நாக்கு கீழே இறங்கி முன்பலகையில் உள்ள வெட்டில் போய் மாட்டும். போன வாரம் திறக்கும்போது சாவி பாதி முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. நல்ல வேளை, திறந்த பிறகுதான் முறிந்தது. பின்பக்கத்து நட்டை டீசலில் ஊறவைத்துக் கழற்றிப் பூட்டை வெளியே எடுத்துவிட்டேன். உள்ளே வெள்ளை மாவு போல உதிர்கிறது. பெட்டியின் பெயர்த்தகட்டில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. பூட்டின் முகத்தில் ஏதோ எண் பொறித்திருக்கிறது, பாதிதான் தெரிகிறது.

ராமநாதபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டேன். மர மேஜை டிராயர் பூட்டை எடுத்து நீட்டி, "இதுதான் எல்லாவற்றுக்கும் பொருந்தும், துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். வெல்டிங் கடைக்காரர், ஒரு கொண்டியைப் பற்றவைத்துத் திண்டுக்கல் பூட்டு ஒன்றைத் தொங்கவிடச் சொல்கிறார். பற்றவைத்தால் பெயின்ட் கருகும். கருகிய இடத்தில் இந்தக் காற்றுக்கு அடுத்த மழைக்குள் துரு ஏறிவிடும். பெட்டிக்கு ஏற்ற பூட்டைத்தான் தேடுகிறேன், பூட்டுக்கு ஏற்றபடி பெட்டியை வெட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

பூட்டு எனக்குத் திருடனுக்காக வேண்டியதில்லை, இரவல்காரர்களுக்காகத்தான். தடைக்காலத்தில் எல்லாப் படகிலும் பெயின்ட் வேலை நடக்கும். வால்வு இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜை என் பெட்டியிலிருந்து எடுத்துப் பெயின்ட் டப்பா மூடியை நெம்பிய ஒரு புண்ணியவானை இன்னும் நான் மன்னிக்கவில்லை. மெல்லிய தகடுகள் எல்லாம் ஓரம் சுருண்டுவிட்டன. அவரிடம் கேட்டால், "சும்மாதானே கிடந்தது" என்கிறார்.

இந்த மாதிரிப் பூட்டு எங்கே கிடைக்கும்? என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்?


சாவிக்கொத்து, பரமக்குடி

தம்பி, நீங்கள் சொல்வது கேம் லாக். கடையில் அந்தப் பெயரைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். ஹார்டுவேர் கடையில் கேட்டால் மேஜைப் பூட்டைத்தான் தருவார்கள், அவர்களிடம் விற்பது அதுதான். இரும்பு அலமாரி, ஆபீஸ் லாக்கர் செய்கிற பட்டறைகளிலும், கரண்ட் பேனல் போர்டு கட்டுகிறவர்களிடமும் கேளுங்கள். கேம் லாக் அவர்களுக்கு அன்றாடப் பொருள். மதுரைக்குப் போனால் ஒரே கடையில் நாலைந்து அளவு பார்க்கலாம்.

ஆனால் அளவு எடுக்காமல் பஸ் ஏறாதீர்கள். பழைய பூட்டைக் கையில் எடுத்துப்போவது நல்லதுதான், அது மட்டும் போதாது. முதலில் துளையைப் பாருங்கள். அது முழு வட்டமாக இருக்காது. இரண்டு பக்கமும் தட்டையாக வெட்டியிருக்கும். சாவியைத் திருப்பும்போது பூட்டு முழுவதும் சேர்ந்து சுற்றாமல் பிடித்துக்கொள்வது அந்தத் தட்டைதான். ஆகவே வட்டத்தின் குறுக்களவு ஒன்று, தட்டைக்குத் தட்டை உள்ள அளவு ஒன்று, இரண்டும் வேண்டும். உங்களுடையது வெளிநாட்டுப் பெட்டி, அங்குலக் கணக்கில் வெட்டியிருக்கலாம். முக்கால் அங்குலம் என்றால் 19.05 மி.மீ., நம் கடையில் கிடைக்கும் 19 தாராளமாக உள்ளே போகும். அரை மி.மீ. கூடுதலாக இருக்கிறதே என்று அரத்தை எடுத்துத் தட்டையை ராவிவிட்டால் அப்புறம் எந்தப் பூட்டும் அந்தத் துளையில் உறுதியாக நிற்காது. ஹார்டுவேர் கடைக்காரர் சொன்ன "கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்" என்பதன் பொருள் இதுதான்.

அடுத்தது பூட்டின் உடல் நீளம், தலைக்குப் பின்னாலிருந்து நாக்கு உட்காரும் இடம் வரை. பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இதில்தான். துளை சரியாக இருக்கும், உடல் நீளமாக இருந்து பின்னால் எதிலாவது இடிக்கும். பிறகு நாக்கு: திருகின் நடுவிலிருந்து நுனி வரை எவ்வளவு, நேராக இருக்கிறதா, முன்பக்கமோ பின்பக்கமோ வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய நாக்கை எறிந்துவிடாதீர்கள். அதன் சதுரத் துளை புதுப் பூட்டின் சதுர முனைக்குச் சேர்ந்தால் அதையே மாட்டிக்கொள்ளலாம். கடைசியாக, சாவி கால் வட்டம் திரும்புகிறதா, அரை வட்டமா என்றும் சொல்லுங்கள். வெர்னியர் வைத்து அளந்து இங்கேயே எழுதுங்கள்.

சாவித் துவாரத்தில் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் தூசியும் மணலும் சேர்ந்து குழம்பாகிவிடும். பென்சில் முனையைச் சீவி அந்தக் கரித்தூளைப் போடுங்கள், போதும்.


கீழக்கரைக் கடைவீதி

பரமக்குடி அண்ணன் அளவு சொன்னார், நான் உலோகம் சொல்கிறேன். தம்பி, உங்கள் பூட்டில் உதிர்ந்த வெள்ளை மாவு துத்தநாகம். கடைகளில் பளபளவென்று தொங்குகிற கேம் லாக்குகளில் முக்கால்வாசி துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே குரோமியம் பூசியவைதான். அது பரமக்குடியில் பல வருஷம் உழைக்கும். பாம்பனில் உழைக்காது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக நீரை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும். நம் கரையில் அந்த அளவைத் தாண்டாத இரவு எத்தனை? பூச்சில் ஊசி முனை அளவு பிளவு இருந்தாலும் அதன் வழியே உப்புநீர் உள்ளே போய் உலோகத்தைத் தின்னும். உங்கள் ஊரிலேயே பாருங்கள், 1914-இல் கட்டிய ரயில் பாலத்தைக் காலமெல்லாம் பெயின்ட் அடித்துத்தான் காப்பாற்றினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு முன்கூட்டியே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. பாலத்துக்கே அந்தப் பாடென்றால் பூட்டு எம்மாத்திரம்.

ஆகவே பித்தளை உடல் கொண்ட பூட்டு கேளுங்கள். அல்லது 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. 304 என்றால் வேண்டாம். 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான். விலை கூடும், கப்பல் சாமான் விற்கும் இடங்களில்தான் தேட வேண்டும்.

கடைக்காரர் பித்தளை என்று சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, பித்தளையும் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது. பூட்டைத் திருப்பிப் பின்பக்க மரையின் ஓரத்தில் சின்ன அரத்தால் ஓர் இழுப்பு இழுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, சாம்பல் வெளுப்பாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அரம் வைக்க விடாத கடைக்காரரிடம் வாங்க வேண்டியதில்லை. நானும் கடைக்காரன்தான், சொல்ல உரிமை உண்டு.

அண்ணன் சொன்ன பென்சில் தூள் கடலோரம் இல்லாத ஊர்களுக்குச் சரி, இங்கே வேண்டாம். உப்பு ஈரத்தில் கரித்தூள் பக்கத்திலிருக்கும் உலோகத்தை, குறிப்பாகத் துத்தநாகத்தை, வேகமாக அரிக்க வைக்கும். டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரே கிடைக்கிறது, அதைச் சாவியின் மேல் அடித்து உள்ளே விட்டு எடுங்கள்.

இன்னொன்று. அந்த எண்ணை ஏன் விட்டுவிட்டீர்கள்? பழைய தொழிற்சாலைப் பெட்டிகளின் பூட்டு முகத்தில் பொறித்த எண் பெரும்பாலும் சாவியின் எண்தான். அந்த எண்ணை வைத்தே சாவி வெட்டித் தருகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பூட்டைத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தேய்த்து, விரலால் மெல்ல வழித்துவிடுங்கள். பள்ளத்தில் பவுடர் நின்று எண் வெள்ளையாக எழுந்து தெரியும். படித்துச் சொல்லுங்கள். என் மைத்துனர் துபாயில் சாவிக்கடை வைத்திருப்பவருக்குப் பக்கத்துக் கடையில்தான் இருக்கிறார், கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.


தொண்டிக் காற்று

திண்டுக்கல் பூட்டை ஏன் எல்லோரும் இளப்பமாகப் பேசுகிறீர்கள்? 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. கையால் ராவிச் செய்த நெம்புத் தகடுகள். எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டில்கூட ஒரு மாங்காய்ப் பூட்டுதான் தொங்குகிறது, இன்றும் திறக்கிறது.


சாவிக்கொத்து, பரமக்குடி

இளப்பம் இல்லை, தொண்டித் தம்பி. அது தொங்கும் பூட்டு, இவருக்கு வேண்டியது துளைக்குள் உட்காரும் பூட்டு. வேலையே வேறு.

கீழக்கரைப் பாய் சொன்ன கரித்தூள் விஷயம் எனக்குப் புதிது. கடற்கரை வாடிக்கையாளர்களுக்கு இனி மாற்றிச் சொல்கிறேன்.


பாம்பன் டீசல்

எல்லோருக்கும் நன்றி. கீழக்கரைக் காக்கா, பவுடர் வேலை செய்தது. மனைவியின் பவுடர் டப்பாவுக்குக் கணக்குக் கேட்டார்கள், அது வேறு கதை. இரண்டு எழுத்தும் மூன்று எண்களும் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் பூட்டின் உள்ளுருளையைப் பிரித்துப் பார்த்தேன். சாவிக்கு ஏற்ப ஏறி இறங்கும் சின்னச் சின்னத் தகடுகள் பித்தளை, அவை நன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே இருந்த மயிரிழை ஸ்பிரிங்குகள் துருவாகிப் போய்விட்டன. அவை உட்காரும் குழிகளின் சுவர் துத்தநாகம், விரல் நகத்தால் கீறினால் பெயர்கிறது. சாவி வந்தாலும் பூட்டு திரும்பாது. எண்ணை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன், அதே பூட்டு புதிதாகக் கிடைத்தால் பார்ப்போம். அதுவரை காத்திருக்க முடியாது, தடைக்காலம் முடியும் முன் பெட்டி பூட்டப்பட வேண்டும்.

அண்ணன் கேட்ட அளவுகள். துளையின் வட்டம் 19 மி.மீ.க்கு ஒரு மயிரிழை கூட. தட்டைக்குத் தட்டை 16. உடல் நீளம் 16. நாக்கு நேரானது, வளைவு இல்லை, நடுவிலிருந்து நுனி வரை 32. கால் வட்டம் திரும்பும். மூடிக்கு உள்ளே, பூட்டுக்கு நேர் பின்னால், மேல்தட்டின் சுவர் வருகிறது. பூட்டின் பின்முனைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே 9 மி.மீ. இடம்தான். ராமநாதபுரத்தில் நீட்டிய பூட்டு 30 மி.மீ. நீளம், துளையைப் பெரிதாக்கிப் பொருத்தியிருந்தாலும் மூடி இறங்கியிருக்காது என்று இப்போது புரிகிறது.

பட்டறையில் ஒருவர் பேனல் போர்டுப் பூட்டு ஒன்று தருகிறேன் என்கிறார். அளவு சேரும் போலத் தெரிகிறது. வாங்கலாமா?


சாவிக்கொத்து, பரமக்குடி

வாங்காதீர்கள். பேனல் போர்டுப் பூட்டுகள் பெரும்பாலும் எல்லாமே ஒரே சாவி. எந்த எலெக்ட்ரீஷியன் வந்தாலும் எந்தப் பெட்டியையும் திறக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். உங்கள் ஊர் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிற எலெக்ட்ரீஷியனின் சாவிக்கொத்தில் உங்கள் பெட்டிக்கும் ஒரு சாவி தொங்கும். இரவல்காரர்களுக்கு அவரே போதும். அங்கே கேட்கச் சொன்னது நான்தான். ஆனால் கேட்கும்போது "ஒவ்வொரு பூட்டுக்கும் வேறு வேறு சாவி உள்ள வகை" என்று சொல்லிக் கேளுங்கள். கடையில் இரண்டு பூட்டை வாங்கி, ஒன்றின் சாவியை மற்றொன்றில் போட்டுத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

19-க்கு 16 என்பது வழக்கமான வெட்டுதான், கவலை வேண்டாம். உடல் நீளம் 16-இலேயே கிடைக்கும். கிடைக்காமல் 20 வந்தாலும் சமாளிக்கலாம். பின்னால் 9 இருக்கிறது என்கிறீர்கள், நாலு போனாலும் ஐந்து மிச்சம். ஆனால் நாக்கு நாலு மி.மீ. பின்னால் தள்ளி நிற்கும், முன்பலகையின் வெட்டில் விழாது. அதற்கு நாலு மி.மீ. முன்பக்கம் வளைந்த நாக்கு கேளுங்கள், தனியாகவே விற்கிறது. நீளத்தில் 32-க்குக் குறையக் கூடாது. கூடினால் அரத்தில் ராவிக்கொள்ளலாம், அரம் வைக்க வேண்டிய இடம் நாக்குதான், பெட்டி அல்ல.


கீழக்கரைக் கடைவீதி

பித்தளைப் பூட்டு கிடைத்துவிட்டால் ஒரு காரியம் செய்யுங்கள். இரும்புத் தகட்டோடு பித்தளை நேராகத் தொட்டுக்கொண்டு உப்பு ஈரமும் பட்டால், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது, இரும்புதான் துளையைச் சுற்றித் துருப்பிடிக்கும். பூட்டு புதிதாக மின்னும், பெட்டி ஓட்டையாகும். துளையின் உள் ஓரத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்தால் முதலில் துரு தடுக்கும் பிரைமர் தொட்டுவிடுங்கள். தலைக்குக் கீழும் நட்டுக்குக் கீழும் மெல்லிய நைலான் வாஷர் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய மோட்டார் சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டிப் போடலாம். துளையின் விளிம்பில் கிரீஸ் தடவுவதற்குச் சோம்பல்படாதீர்கள்.

எண் வந்து சேர்ந்தது. மைத்துனருக்கு அனுப்பிவிட்டேன்.


தேவிபட்டினம் டீச்சர்

பூட்டு பற்றி எனக்குத் தெரியாது. என் தகப்பனார் தச்சர், அவருடைய பெட்டியை நான் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன பச்சைக் கம்பளித் துணியைப் படித்ததும் எழுத வேண்டும் போலிருந்தது. கடலில் போய்வந்த பெட்டி என்றால் அந்தத் துணியில் வருஷக் கணக்கில் உப்பு ஊறியிருக்கும். வெளியே காய்ந்தது போலத் தெரியும், ராத்திரியானால் ஈரம் இழுக்கும். புதுப் பூட்டு போட்டு மூடிவிட்டால் அந்த ஈரத்தையும் கருவிகளோடு சேர்த்துப் பூட்டியதாகத்தான் ஆகும். துணியை எடுத்து நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி வெயிலில் போடுங்கள். பசை போட்டு ஒட்டியிருந்தால் கிழித்துவிட்டுப் புதிது விரியுங்கள்.

அப்பா ஒவ்வோர் அறையிலும் ஒரு கட்டிக் கற்பூரம் வைப்பார். உளியில் துரு ஏறாது என்பார். பூஜைக்கு வைத்திருந்ததை எடுத்துவிட்டார் என்று அம்மாவுடன் சண்டைகூட வரும்.


பாம்பன் டீசல்

டீச்சர், மாமாவும் அதைத்தான் செய்வார். பெட்டியைத் திறந்தால் டீசல் வாடையோடு கற்பூர வாடையும் வரும். நான் அதை அவருடைய பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துணியைக் கிழித்துவிட்டேன், அடியில் பழுப்புக் கோடுகோடாகத் துரு ஆரம்பித்திருக்கிறது.

மதுரையில் பூட்டு கிடைத்துவிட்டது. பித்தளை உடல், 20 மி.மீ. நீளம், நாலு மி.மீ. வளைந்த நாக்கு. அரம் இழுத்துப் பார்த்தேன், மஞ்சள்தான். கடைக்காரர் முறைத்தார், விடவில்லை. கடையில் இருந்த இன்னொன்றின் சாவியையும் போட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை. நாக்கு 35 இருந்தது, மூன்று மி.மீ. ராவினேன். மூடி இறங்குகிறது, நாக்கு வெட்டில் விழுகிறது, முன்பலகை அசையவில்லை.

மிச்சம் இருப்பது ஒரே சந்தேகம். இந்தப் பூட்டில் பூட்டிய நிலையில் மட்டும்தான் சாவியை உருவ முடிகிறது. திறந்திருக்கும்போது சாவி பூட்டிலேயே நிற்கிறது. பழையதில் இரண்டு நிலையிலும் உருவலாம். மாற்ற முடியுமா?


சாவிக்கொத்து, பரமக்குடி

இந்தப் பூட்டில் முடியாது. சாவி எந்த நிலையில் வெளியே வரும் என்பது செய்யும்போதே தீர்மானமாகிவிடும். பலர் இதைத்தான் விரும்பி வாங்குகிறார்கள், பூட்டாமல் சாவியை எடுத்துப்போக முடியாது அல்லவா?


பாம்பன் டீசல்

அலுவலகத்தில் சரி, அண்ணே. படகில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சின் குழிக்குள் குனிந்திருப்பேன். சாவி மூடியில் துருத்திக்கொண்டு நிற்கும். யாராவது மூடியைத் தட்டிவிட்டால் சாவி முறியும், இல்லாவிட்டால் கழன்று படகின் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீரில் விழும். கடைக்காரரிடம் போனில் பேசினேன். இரண்டு நிலையிலும் உருவக்கூடியது இதே அளவில் இருக்கிறதாம். ஆனால் அது துத்தநாகம்.


கீழக்கரைக் கடைவீதி

பித்தளையையே வைத்துக்கொள்ளுங்கள். சாவியில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி மூடியின் கைப்பிடியில் முடிந்துவிடுங்கள், பூட்டியதும் அவிழ்த்து எடுத்துக்கொள்ளலாம். மாற்றுச் சாவியைப் படகில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். ஃபீலர் கேஜ் புதிதாக வாங்கினீர்களா? என் கடையில் இருக்கிறது, மெல்லிய தகடுகள் தனியாகவும் வரும்.


பாம்பன் டீசல்

எடுத்து வையுங்கள் காக்கா, வெள்ளிக்கிழமை ஏர்வாடிக்கு வருகிறேன், அப்படியே கீழக்கரைக்கும் வந்துவிடுகிறேன். பெயின்ட் டப்பாவைத் திறந்த புண்ணியவானிடமே காசு வாங்கி வருகிறேன்.